பிஸ்கட் டின்னில் பதினொரு ஃபிளாப்பி

என் அறையில் மூன்று கணினிகள் இருக்கின்றன. அன்றாட வேலை ஒன்றில் நடக்கிறது. வெளியே எடுத்துப் போக ஒரு மடிக்கணினி. மூன்றாவது, மேசைக்கு அடியில் நிற்கும் பழுப்பேறிய பெட்டி. 1999-ல் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரில் கடை கடையாக விலை கேட்டு, பாகம் பாகமாக வாங்கி, அங்கேயே பூட்டச்சொல்லிக் கொண்டுவந்தது. விண்டோஸ் 98 ஓடுகிறது. இணையத் தொடர்பு கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதில் காலை இடித்துக்கொண்டு, "இதை இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். என் தொழிலில் நான் கடைசியாகக் கைவிடும் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

நான் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறவன். சிறுகதைத் தொகுப்பு, கவிதை, குடமுழுக்கு மலர், சங்கத்தின் ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் செய்வேன். அப்பா செம்பவாங் கப்பற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971-ல் பிரிட்டிஷ் படை போன பிறகும் அங்கேயே கப்பல் பட்டறையில் தொடர்ந்தார். ஈசூன் புதுநகரம் எழும்பியபோது இங்கே நாலறை வீடு கிடைத்தது. 1988 டிசம்பரில் பெருவிரைவு ரயில் ஈசூன் வரை வந்தது. அடுத்த ஆண்டே நான் தேக்கா பக்கம் ஓர் அச்சகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். தோபி காட்டில் இறங்கி சிலிகி ரோடு வழியே நடந்து போவேன். இப்போது நியூட்டனில் மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எண்பதை நெருங்குகிற வயது. கையில் நீல நிற பிஸ்கட் டின். அந்த மாதிரி டின்னுக்குள் ஊசியும் நூலும் இருக்கும் என்றுதான் நினைப்போம். மூடியைத் திறந்தால் பதினொரு ஃபிளாப்பி, ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தது.

"தம்பி, இதுல என் பத்து வருஷத்து எழுத்து இருக்கு. என் மகன் எங்கேயோ குடுத்துப் பார்த்தான். 'அப்பா, இதுல வெறும் இங்கிலீஷ் கிறுக்கல்தான் இருக்கு'ன்னு சொல்லிட்டான்."

"எந்த எழுத்துருல அடிச்சீங்க, ஐயா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே அப்ப வந்து ஏத்திக் குடுத்தீங்க!"

உண்மைதான். 90களில் அந்த அச்சகத்துக்கு எழுதித் தந்த பலருக்கும் வீட்டுக் கணினியில் தமிழ் ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். யாருக்கு எதை ஏற்றினேன் என்று குறித்து வைக்கவில்லை. எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் எழுத்தே தொலையும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த 'இங்கிலீஷ் கிறுக்கல்' எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

நான் முதலில் கை பழகியது தமிழ்த் தட்டச்சுப் பொறியில். அந்தப் பொறிக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு. அதை வடிவமைத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். வேலை தேடி மலாயா வந்து, சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்த விசைப்பலகையை யோசித்தவர். பொறியை ஜெர்மனியில் செய்வித்தார். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க அவர் கண்ட வழிகளில் ஒன்று நகரா விசை. புள்ளியை அடித்தால் தாள் நகராது. அடுத்து 'ம' அடித்தால் அந்தப் புள்ளிக்குக் கீழே போய் உட்கார்ந்து 'ம்' ஆகும். கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். பொறியில் புள்ளி வைத்துவிட்டு எழுத்தை அடிக்க வேண்டும். அது விரலில் ஏற எனக்கு மூன்று மாதம் ஆனது.

1991-ல் முதலாளி ஒரு மெக்கின்டாஷும் லேசர் பிரிண்டரும் வாங்கினார். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன் ஒரு துணைக்கால் விட்டுப்போனால், பழைய தாளிலிருந்து ஒரு காலைப் பிளேடால் வெட்டியெடுத்து, இடுக்கியில் பிடித்து, பசை தொட்டு ஒட்டுவோம். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அந்த வேலை. கணினி வந்ததும் அந்தக் கால் இரண்டு விசையில் முடிந்தது. அந்த மகிழ்ச்சியில், உள்ளே என்ன நடக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

உள்ளே நடந்தது இதுதான். கணினிக்கு அன்று தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துகளின் உருவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். கணினியைப் பொறுத்தவரை நாம் ஆங்கிலம்தான் அடித்துக்கொண்டிருந்தோம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள்தான். போதாக்குறைக்கு ஒவ்வோர் எழுத்துருக்காரரும் ஒவ்வொரு வரிசை வைத்திருந்தார்கள். ஒருவருக்கு 'அ' இருக்கும் இடத்தில் இன்னொருவருக்கு 'ங' இருக்கும். சென்னையில் ஒன்று, யாழ்ப்பாணத்தார் கையில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று, இங்கே ஒன்று.

இந்தக் குழப்பத்தை முதலில் பொது மேடைக்குக் கொண்டுவந்த ஊர்களில் சிங்கப்பூருக்கு முக்கிய இடம் உண்டு. எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி கணியன் என்ற மென்பொருளையும் தமிழுக்கான விசைப்பலகை ஒன்றையும் உருவாக்கினார். 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கிவைத்தார். அதில் தமிழ் தமிழாகவே தெரிந்ததற்கு கோவிந்தசாமியின் உழைப்பு காரணம். 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இங்கே கூடியதும் அவர் முயற்சியில்தான். அச்சகத்தில் வேலை மேல் வேலை என்று நான் அதற்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும். அவர் 1999-ல் மறைந்துவிட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2000-ல் மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் என்கிற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அதே காலத்தில் விண்டோஸ் 2000 வழியாக யூனிகோடு தமிழ் மேசைக்கு வந்தது. எந்த எழுத்துருவைப் போட்டாலும் 'அ' எப்போதும் 'அ'வாகவே இருக்கும் ஏற்பாடு அது. அதன் அருமை எனக்கு முழுதாகப் புரிய இன்னும் சில ஆண்டு ஆனது.

ஆசிரியரின் டின் யூனிகோடுக்கு முந்திய காலத்தது. அதனால்தான் மேசைக்கு அடியில் இருக்கிற பெட்டி வேண்டியிருந்தது.

ஃபிளாப்பியை நேரே சொருகக் கூடாது. நம் ஊரின் ஈரப்பதத்தில் அதற்குள் பூசணம் பூத்திருக்கும். உலோகத் தகட்டை விலக்கி, மேசை விளக்கின் கீழே வட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். அப்படியே சொருகினால் பூசணம் படிப்பானின் முனையில் ஒட்டி, அந்த வட்டையும் கீறி, அடுத்து வரும் வட்டையும் கெடுக்கும். பதினொன்றில் நாலில் பூசணம் இருந்தது. அவற்றின் உறையைக் கத்தியால் பிளந்து, வட்டை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, வேறு நல்ல ஃபிளாப்பியின் உறைக்குள் வைத்தேன். இது பொறுமையான கை கேட்கும் வேலை. அவசரக்காரர்கள் தொடக் கூடாது.

படிக்கும்போதும் கோப்பு கோப்பாக இழுக்க மாட்டேன். முழு வட்டையும் ஒரே மூச்சில் பிரதி எடுத்து, பிறகு அந்தப் பிரதியிலேதான் வேலை. நைந்த வட்டு இன்னொரு முறை சுழலுமா என்பது நிச்சயமில்லை. யுஎஸ்பியில் சொருகும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்றும் வைத்திருக்கிறேன். அது முரண்டு பிடிக்கும் வட்டைச் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறது. பழைய பெட்டிக்குள் இருக்கும் டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அதற்கு மாற்றாக இரண்டு டிரைவ் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் வாங்கி வைத்தேன். 2017 ஜூலையில் அந்தச் சந்தை மூடப்பட்டது. அங்கே தரையில் விரித்த சாக்கின்மேல் கிடந்த அந்த மாதிரிச் சாமான்களுக்கு இப்போது போக்கிடம் இல்லை.

ஒன்பது வட்டு முழுதாகப் படித்தது. ஒன்று பாதி. ஒன்று கடைசிவரை வாயே திறக்கவில்லை.

அடுத்த வேலை எழுத்துருவைக் கண்டுபிடிப்பது. இதற்கு நான் வைத்திருக்கும் வழி மிக எளிது. தமிழில் எதை எழுதினாலும் அதிகம் வருவது புள்ளி. எனவே அந்தக் கிறுக்கலில் எந்தக் குறி மிக அதிகம் வருகிறது என்று எண்ணச் சொன்னால், புள்ளியைத் தனியே வைத்த எழுத்துருக்களில், அதுதான் புள்ளி. அரைப்புள்ளிக் குறியாக இருந்தால் பெரும்பாலும் பாமினி. எண்ணும் நிரலைப் பைத்தானில் எழுத மகள் சொல்லிக்கொடுத்தாள். "அப்பா, பத்து வரிதான்" என்றாள். அந்தப் பத்து வரியை நானே எழுத ஒரு வாரம் உட்கார்ந்தேன். இன்று என்னிடம் இருக்கும் மென்பொருள்களில் எனக்கு மிக நெருக்கமானது அந்தச் சின்ன நிரல். ஆசிரியரின் ஆறு வட்டில் பாமினி. மற்ற நாலில் வேறொன்று, அதன் விசை வரிசை என் பழைய நோட்டில் பென்சிலால் வரைந்து இருந்தது.

எழுத்துரு தெரிந்தால் மாற்றுவதற்கு மென்பொருள்கள் உண்டு. சென்னையிலிருந்து வந்த என்எச்எம் கன்வர்ட்டர் பல ஆண்டு எனக்குச் சோறு போட்டது. ஆனால் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் இன்று இணையம் முழுக்கப் பிழைத் தமிழ் நிரம்பியிருக்கக் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பத்திரிகை, புத்தகம், தளம் என்று தமிழில் எதை நடத்துகிறவருக்கும் இது வேண்டும்.

பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்று அடிக்க, கொம்பு, க, ள என்று மூன்று உருவம் அடிப்போம். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்று. ஆசிரியரின் ஒரு கதையில் கௌரி என்று ஒரு பெண். அதே கதையில் ஒரு பையன் சிலேத்தார் நீர்த்தேக்கக் கரையில் கெளுத்தி மீன் பிடிக்கிறான். மாற்றியபோது கௌரி 'கெளரி' ஆகிவிட்டாள். அதைத் திருத்த, 'கெ'யும் 'ள'வும் சேர்ந்து வரும் இடமெல்லாம் 'கௌ' என்று மொத்தமாக மாற்றினால், மீன் கெட்டுப்போகும். கெளுத்தியில் இருப்பது நிஜமான ளகரம். வெளிநாடு, வெளியீடு என்ற சொற்களுக்கும் இதே கதிதான். பல செய்தித் தளங்களில் 'வெளி'யின் வெகரமும் ளகரமும் ஔகாரமாக ஒட்டிக்கொண்டு, அதன் தலையில் இகர விசிறி ஒன்று தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். சில எழுத்துருவில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடும்போதுதான் தெரியும். நான் வைத்திருக்கும் விதி இது: ளகரத்துக்குப் பின் புள்ளியோ கொக்கியோ விசிறியோ வந்தால் தொடாதே. வெறும் ளகரமாக நின்றால் நிறுத்தி, எனக்குக் காட்டு. மெளனம், கெளரவம், வெளவால், ஒளவையார் எல்லாம் அப்படிப் பிடிபடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவேன்.

இதைவிட மோசம் ரகரமும் துணைக்காலும். 'ரி' என்று எழுதும்போது ரகரத்தின் கீழ்க்கீற்று பல எழுத்துருக்களில் காணாமல் போய், துணைக்காலின் மேல் விசிறி போட்டது போலவே இருக்கும். 'ர்' என்பதும் அப்படித்தான். தட்டச்சர்கள் துணைக்காலை அடித்து அதன் மேலே விசிறியையோ புள்ளியையோ போட்டுவிடுவார்கள். தாளில் எந்தக் குறையும் தெரியாது. நானும் அப்படித்தான் அடித்தேன், அப்படித்தான் சொல்லியும் கொடுத்தேன். யூனிகோடுக்கு மாற்றினால் 'ஆசிரியர்' என்ற சொல்லில் ரகரமே இருக்காது. இரண்டு துணைக்கால்தான் இருக்கும். திரையில் 'ஆசிரியர்' என்றுதான் கண் படிக்கும். ஆனால் 'ஆசிரியர்' என்று தேடினால் கணினி ஒன்றுமில்லை என்று சொல்லும். ஓர் ஆசிரியரின் முழு எழுத்தில் 'ஆசிரியர்' ஒருமுறைகூட வரவில்லை என்று என் திரை சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நாங்கள் அன்று விரல் வசதிக்குச் செய்தது அது.

நாற்பத்தொரு கதை. முழுதாகச் சுத்தமாக மூன்று மாதம். பாதி படித்த வட்டில் அறுந்துபோன இரண்டு கதையை அவர் வைத்திருந்த பழைய இதழ்களிலிருந்து வருடி, டெசராக்ட் மென்பொருளில் எழுத்துணரச் செய்து சேர்த்தேன். அது எகர ஏகாரத்தையும் னகர ளகரத்தையும் அவ்வப்போது மாற்றிப்போடும், வரிக்கு வரி ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். முதல் கதையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு சோங் பாங் உணவங்காடிக்குப் போனேன். அவர் வழக்கமாக உட்காரும் மேசை. கோப்பி ஆறிப்போகும்வரை தலை நிமிராமல் படித்தார். "இந்த வரியை நான் எழுதினேன்கிறதே மறந்துபோச்சு, தம்பி" என்றார். எந்த வரி என்று நான் கேட்கவில்லை.

இனி என் அன்றாடக் கருவிகள். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையோர் கேட்பதால் எழுதுகிறேன்.

விசைப்பலகை தமிழ்99. தட்டச்சுப் பொறியிலிருந்து அதற்கு மாறியபோது வயது முப்பத்தைந்து. ஒரு மாதம் கை தடுமாறியது. அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே விசை. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'ங'வுக்குப் பின் 'க' வந்தாலும் அப்படியே. இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். இலக்கணமே விரலில் நடப்பது போல இருக்கும். ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்து அடிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் ஆயிரக்கணக்கானோர் தமிழ் எழுத வந்தார்கள். 2005 பொங்கலன்று ஒலி 96.8 வானொலி வழியாக முத்து நெடுமாறனின் செல்லினம் மென்பொருள் அறிமுகமாகி, கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி வந்தபோது என் மனைவி அதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினாள். ஆனால் நாள் முழுக்கத் தமிழ் அடிப்பதே வேலை என்றால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். மணிக்கட்டு நன்றி சொல்லும்.

திரை இருபத்தேழு அங்குலம். அதை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் முழுதாக, அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். இருந்தும் மெய்ப்பு பார்ப்பது தாளில்தான். கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்று, சிவப்பு மை பேனா, உருப்பெருக்கிக் கண்ணாடி, எஃகு அளவுகோல். திரையில் நாலு முறை தப்பிய பிழை தாளில் முதல் பார்வையிலேயே முறைத்துப் பார்க்கும்.

புதிய எழுத்துரு எது வந்தாலும் நான் முதலில் அடித்துப் பார்க்கும் சொல் ஈசூன். எங்கள் ஊரை யீஷூன் என்று எழுதுபவர்களும் உண்டு. அதையும் அடித்துப் பார்ப்பேன். சூ, ஷூ, ளூ, ஞூ, ழூ ஆகிய எழுத்துகளில்தான் ஓர் எழுத்துருக்காரரின் கை தெரியும். சிலர் 'சூ'வின் சுழியை அப்படியே கீழே தொங்கவிட்டு அடுத்த வரியின் விசிறியில் மாட்டிவிடுவார்கள். தமிழுக்கு வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். பதினொரு புள்ளி எழுத்துக்குப் பதினாறு புள்ளி இடைவெளி விட்டால் புத்தகம் மூச்சு விடும். பக்கத்தை மிச்சம் பிடிக்க அதைக் குறைக்கச் சொல்லும் பதிப்பாளரிடம் நான் இன்றும் சண்டை போடுகிறேன்.

பக்கம் கட்ட இன்டிசைன். அதில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பு தன் இடத்தில் உட்காரும். கையில் காசில்லாத இளையோருக்கு ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளைச் சொல்லுவேன். அதன் புதிய பதிப்புகளில் தமிழ் சரியாக வருகிறது. குறுகிய பத்தியில் இருபுறமும் சமமாக நிரப்பும்போது தமிழ் படுத்தும் பாட்டை எந்த மென்பொருளும் முழுதாகத் தீர்க்கவில்லை. 'சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்ற ஒரே சொல் அரை வரியைத் தின்னும். அது அடுத்த வரிக்குப் போனால் முந்திய வரியில் சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். சொல்லை உடைத்தாலும் புள்ளி எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. இதை ஒவ்வொரு பக்கமாகக் கையால்தான் பார்க்கிறேன். சந்திப் பிழைக்கு நீச்சல்காரனின் நாவி மென்பொருளில் ஒருமுறை ஓட்டுவேன். முடிவு என் கண்ணுடையது.

2013-ல் ஒரு கவிதைத் தொகுப்பில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில், எழுத்துருவை உள்ளே பதிக்காமல் திறந்த கோப்பையே ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே வேறு எழுத்துரு புகுந்து, ஒகரம் வந்த இடமெல்லாம் கொம்பும் காலும் பிரிந்து, புள்ளி வட்டங்களோடு முந்நூறு பிரதி அச்சாகிவிட்டது. வெளியீட்டுக்கு நாலு நாள். மறுபடி அச்சடிக்கும் செலவை நானே கட்டினேன். கவிஞர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை, அதுதான் இன்றும் வலிக்கிறது. அதிலிருந்து அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்துகளை வெறும் கோட்டு உருவமாக மாற்றி அனுப்புகிறேன். யார் கணினியிலும் அது கலையாது. ஆனால் அந்தக் கோப்பில் எழுத்து செத்துவிடுகிறது. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, எடுக்க முடியாது, திருத்த முடியாது. அது எழுத்தின் படம் மட்டுமே.

படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்தைத் தொலைத்த தலைமுறை எங்களுடையது. 2015-ல் சிங்கப்பூரின் பொன்விழாவை ஒட்டித் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தார் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து, 1965 முதல் வெளிவந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் கொண்டுவந்தார்கள். பெரிய காரியம். அந்தக் காலத்தில் நான் பக்கம் கட்டிய புத்தகங்களின் கோப்புகளைத் தேடிப் பார்த்தேன். பாதி என்னிடம் இல்லை. இருந்தவற்றிலும் பல திறக்கவில்லை. நான் அடித்த எழுத்தை இன்னொருவர் தாளிலிருந்து வருடி எடுக்க வேண்டிய நிலைமை.

இப்போது ஒரு புத்தகம் முடிந்தால் மூன்று பொருள் சேமிக்கிறேன். அச்சுக்குப் போன பிடிஎஃப், பக்கம் கட்டிய கோப்பு, அதோடு எந்த அலங்காரமும் இல்லாத யூனிகோடு உரைக்கோப்பு. மூன்றாவதுதான் முக்கியம். முப்பது ஆண்டு கழித்து எந்தக் கணினியிலும் அது திறக்கும். இவற்றை மூன்று இடத்தில் வைக்கிறேன். ஒன்று மேசையில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று பொங்கோலில் மகள் வீட்டு அலமாரியில். ஃபிளாப்பி, குறுந்தட்டு, வருடி எல்லாம் உலர்பெட்டிக்குள். கேமராக்காரர்கள் லென்ஸ் வைக்கிற அதே பெட்டிதான். ஈரப்பதம் நாற்பத்தைந்து விழுக்காட்டைத் தாண்ட விடுவதில்லை. வெளியே எங்கள் ஊர்க் காற்றில் அது சராசரியாக எண்பதுக்கு மேல்.

இதைப் படிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள். புத்தகம் போடுகிறவர்கள், பக்கம் கட்டியவரிடம் பிடிஎஃப்போடு யூனிகோடு உரைக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் எழுத்து, உங்களிடம் இருக்க வேண்டும். கையில் வந்ததும் உங்கள் பெயரில் ரகரம் இருந்தால் அதைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 90களில் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும். வீட்டில் ஃபிளாப்பி இருந்தால் எதிலும் சொருகிப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு டப்பாவை மூடுங்கள். அப்பாவோ அம்மாவோ எந்த எழுத்துருவில் அடித்தார், யார் ஏற்றிக் கொடுத்தார் என்று இன்றைக்கே கேட்டு, ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அந்த ஆசிரியரின் பதினோராவது வட்டு இன்னும் என் உலர்பெட்டியில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்துச் சொருகிப் பார்க்கிறேன்.